ஆரஞ்சு, இடப்பக்கம் நாற்பது

கோப்பைத் திறந்ததும் மடிக்கணினியில்
அரை நொடி அவன் கருப்புவெள்ளையில் இருந்தான்.
அப்புறம் ஒரே அடியாக
வானம், குழாய்களின் மஞ்சள் வளையம்,
அவன் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டை.

உச்சிமாகாளி. சாரம் கட்டுகிறவன்.
இக்காமாவில் பாதிப் பெயர்தான் ஏறியிருக்கிறது,
கேட்டில் எல்லாருக்கும் அவன் உச்சிமா.
ஜுபைலில் நாற்பத்தைந்து நாள் ஷட்டவுன் முடிந்த வியாழன் மாலை
என் கழுத்தில் தொங்கிய கேமரா பெர்மிட்டைப் பார்த்துக் கேட்டான்:
"கருப்புவெள்ளையில ஒண்ணு எடுங்க சார்.
பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்.
சப்ளை கம்பெனிச் சட்டைன்னு தெரியாதுல்ல."

மெனுவில் நிறத்தை அணைத்தேன்.
பின்னால் கடந்துபோன இன்ஜினியர் ஃபாஸிலின் நீலமும்
இவன் ஆரஞ்சும் கேமராத் திரையில் ஒரே சாம்பல்.
வெளியேறும்போது காவலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
கலாஸ் என்றார்.

ஆனால் அந்தச் சாம்பல் வெறும் துண்டுச்சீட்டு.
மூலக்கோப்பின் ஓரத்தில் கேமரா ஒட்டிவைக்கிற குறிப்பு:
எடுத்தவர் இப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்.
கேமரா செய்தவர்களின் மென்பொருள் அதை மதித்துப் படிக்கும்.
நான் வாங்கியதற்கு அந்தக் கையெழுத்து புரியாது.
முன்னோட்டத்தை மரியாதைக்கு ஒருமுறை காட்டிவிட்டு
அடியில் இருப்பதை எண்ணத் தொடங்கிவிடும்,
இரண்டு பச்சை ஒரு சிவப்பு ஒரு நீலம்
இரண்டு பச்சை ஒரு சிவப்பு ஒரு நீலம்
பஸ் ஏறுமுன் ஃபோர்மேன் தலை எண்ணுவதுபோல.
ஒரு தலையும் குறையவில்லை.

கருப்புவெள்ளை என்று நானே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.
எட்டுப் பிடிகள் இறங்கின,
எந்த நிறம் எவ்வளவு வெளுக்கலாம், எவ்வளவு கருக்கலாம் என்று.
ஆரஞ்சை வலப்பக்கம் இழுத்தேன்.
சட்டை வெளுத்தது, சலவைக்குப் போய்வந்த மாதிரி.
முகமும் கூடவே வெளுத்தது.
தோலும் ஆரஞ்சுக் கணக்கில்தான் வரவாகிறது.
இடப்பக்கம் தள்ளினேன்,
சட்டை இருண்டு கோட்டாக நின்றது,
கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
சட்டையை விட்டு முகத்தைப் பிரிக்க
அந்தப் பிடியில் வழி கிடையாது.
ஏசி இரண்டு தடவை நின்று ஓடியது.
இடப்பக்கம் நாற்பதில் நிறுத்தி
முகத்தை மட்டும் தூரிகையால் மெல்லத் தூக்கினேன்.

கேம்ப் மெஸ்ஸில் காட்டியபோது
குப்பூஸைத் தட்டில் வைத்து, விரல் துடைத்து,
நெடுநேரம் பார்த்தான்.
"சூப்பர்வைசர் மாதிரில்ல இருக்கேன்."
பக்கத்து மேசை எழுந்து போகும்வரை பேசவில்லை.
"கலர் போயிருச்சா, உள்ள இருக்கா?"
இருக்கு என்றேன்.
அழிக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்து
போனைக்கூட எடுத்துவிட்டேன்.

"வச்சிருங்க சார். மூணு மாசச் சம்பளம் நிக்குது.
கேஸ் போட்டா, இவன் எங்க ஆளே இல்லம்பான்.
பையில அவன் முத்திரை இருக்கும், பாருங்க."

அறைக்கு வந்து பெரிதாக்கினேன்.
இருந்தது. நூறு சதவீதத்தில்
ஓர் எழுத்தின் நூல் பிரிந்து தொங்குவது வரை.

பெண் வீட்டுக்குப் போனது இரண்டு எம்பி.
இருபத்தெட்டு எம்பி மூலம் இன்னொரு டிஸ்க்கில்,
எதுவும் தொடாமல்.
பெயர் கேட்ட இடத்தில் முழுதாகத் தட்டினேன்: உச்சிமாகாளி.
திறந்தால் அரை நொடி
பெண் பார்க்க வந்தவனைப்போல் சாம்பலில் நிற்கிறான்.
பிறகு ஆரஞ்சு,
சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.